நான் ஒரு வாடகைக் கதிரை

விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டு தலைப்புகள் இருந்தன. அ: நான். ஆ: எமது கரையோரத்தின் சிறு தொழில் ஒன்று. விரும்பிய ஒன்றுக்கு எதிரே சரி அடையாளம் போட்டு, ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் கட்டுரை எழுத வேண்டும். மற்றப் பக்கங்களை நிரப்ப எனக்கு ஒரு காலை நேரம்கூட ஆகவில்லை. பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கடைசியாகப் படித்த வகுப்பு. அந்தக் கடைசிக் கேள்விக்கு அவர்கள் விட்டிருந்த இடம் எனக்குத் தேவையில்லாத அளவுக்குப் பெரிதாக இருந்தது.

படிவம் மலைநாட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரியினுடையது. ஒரு வருடம் அங்கேயே தங்கிப் படிக்கலாம். சாப்பாடும் படுக்கையும் அவர்கள் தருவார்கள். முடிவில் கரையோர முகாமைத்துவம் என்று, மனேஜ்மென்ற்தான், ஒரு டிப்ளோமா. கடலே இல்லாத மலையில் வைத்துக் கரையோரத்தைப் படிப்பிக்கிறார்களே என்று அத்தான் சிரித்தார். அக்காவின் கணவர் அவர், மீன்பிடிக்கிறவர். ‘ஓ.எல். பரீட்சையில் சித்தியடையாதவர்களும் விண்ணப்பிக்கலாம்’ என்று விளம்பரத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதற்கு முன் யாரும் என்னை அவ்வளவு தடித்த எழுத்தில் கூப்பிட்டதில்லை. வயதெல்லையும் ஒன்று இருந்தது. அடுத்த வருடம் நான் அதைத் தாண்டிவிடுவேன்.

கரையோரத்தை முகாமைத்துவம் செய்யும் ஆசை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கடதாசி. நண்டு பதப்படுத்துகிற இடத்தில் இருந்தேன், உப்பளத்தில் இருந்தேன், காற்றாடிக் கோபுரங்களுக்குக் காவல் இருந்தேன், கொஞ்சநாள் பஸ்ஸில் கதவைப் பிடித்துக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கத்தினேன். எங்கே போனாலும் சில மாதம் கழித்து நிரந்தரமாக்குவது பற்றிப் பேச்சு வரும். அந்தப் பேச்சு வந்தால் ஓ.எல். வரும். ஓ.எல். வந்தால் நான் போவேன். சில இடங்களில் அந்தப் பேச்சு வருமுன்னரே போயிருக்கிறேன். ஒரே வாசலால் நீண்டநாள் உள்ளே போய் வெளியே வர எனக்குப் பிடிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் போவதென்று நானே தீர்மானிப்பதற்கும் அவர்கள் போகச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்தக் கடதாசி இருந்தால் நானே தீர்மானிக்கலாம்.

தமிழ்நாட்டு அகதி முகாம் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்ததற்கு ஒரு சான்றிதழ் என்னிடம் உண்டு. கந்தோரில் நீட்டினால், “இது இந்தியாச் சான்றிதழ்” என்று திருப்பித் தந்துவிடுவார்கள். அங்கே இருந்தபோது நான் ‘ஓம்’ சொல்கிறேன் என்று வகுப்பில் பெடியள் சிரித்தார்கள். யுத்தம் முடிந்து மன்னாரில் எங்கள் ஊருக்குத் திரும்பியபோது நான் ‘ஆமா’ சொல்கிறேன் என்று இங்கே பெடியள் சிரித்தார்கள். அப்பாவை அங்கேயே புதைத்துவிட்டு, அம்மாவும் அக்காவும் நானும் திரும்பியிருந்தோம்.

படிவத்தை எடுத்துக்கொண்டு முதலில் போனது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ரைப்பிங் கடைக்கு. கடைக்காரர் எருக்கலம்பிட்டி ஆள். என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் நானா என்றுதான் கூப்பிடுவேன். இந்தப் பக்கத்தில் யார் எந்த இடத்துக்கு விண்ணப்பித்தாலும் கட்டுரை அவருடைய விரல்களால்தான் போக வேண்டும். அதனால் எது எடுபடும், எது எடுபடாது என்பதில் அவருக்குச் சந்தையில் நிற்கிறவனின் தெளிவு இருந்தது.

“அ-வைப் போடு. யோசிக்கிறதுக்கு இதில என்ன இருக்கு? நான் எண்டு தலைப்புக் குடுத்தா அழுகைதான் கேக்கிறாங்க, தம்பி.”

“அழுகை எண்டு அதில போடேல்லையே, நானா.”

“போடமாட்டாங்க. அவங்களுக்கும் வெக்கம் இருக்கும்தானே. சரி, உன்னட்ட என்ன இருக்கு?”

“முகாம் இருக்கு.”

“முகாம் எல்லாரிட்டயும் இருக்கு. இந்தக் கிழமை மட்டும் ஒரு கட்டு முகாம் ரைப் பண்ணிட்டன். வேற?”

“அப்பா அங்க செத்தவர்.”

“எப்பிடி மௌத்தானார்?”

“வருத்தத்தில. ஈரல்.”

நானா உதட்டைப் பிதுக்கினார். “ஈரல் சரிவராது.”

யுத்த காலத்தில் அவருடைய குடும்பத்தையும் ஊரோடு சேர்த்து, முஸ்லிம்கள் என்பதால், ஒருநாள் இயக்கம் போகச் சொன்னது. அப்போது அவர் சின்னப் பிள்ளை. நீங்கள் எழுதினால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். “எங்கட வாப்பா வள்ளத்தில ஏறக்குள்ள சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்மைத் தூக்கிக்கொண்டு ஏறினவர். சைக்கிள் வீட்டில. என்னத்தை எடுக்கிறதெண்டு தெரியாம பம்மை எடுத்திட்டார். புத்தளம் போய்ச் சேருமட்டும் அது கையில.”

“இதை எழுதலாமே, நானா.”

“எழுதலாம். நல்லா எடுபடும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “வெளியில சொல்லிராத. நாளைக்கே நாலு பேர் பம்மோட வந்து நிப்பாங்க.”

அன்று பின்னேரம் அக்காவிடம் விசயத்தைச் சொன்னேன். ஓலைத்தொடுவாயில் அக்கா வீட்டில்தான் நான் இருக்கிறேன், அதாவது எங்கேயாவது போகாத நாட்களில் இருக்கிறேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

“எதையும் எழுது. அம்மாவை எழுதாதை.”

அதற்குக் காரணம் இருந்தது. நாங்கள் திரும்பி வந்த புதிதில், வீடு கட்டித் தர வந்தவர்கள் அம்மாவைப் படம் எடுத்தார்கள். அடுத்த வருடம் அது கலண்டரில் ஓகஸ்ட் மாதப் படமாக வந்தது. அம்மா பாதி கட்டிய சுவருக்குப் பக்கத்தில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருக்கிறாள். கீழே ‘நம்பிக்கை’ என்று போட்டிருந்தது. சங்கக் கடையில், தபாற்கந்தோரில், பல் வைத்தியரின் அறையில், எங்கும் அந்தக் கலண்டர். ஓகஸ்ட் மாதம் முழுவதும் ஊரில் அம்மாவுக்கு வேறு பெயர் இருக்கவில்லை. “நம்பிக்கை போறா”, “நம்பிக்கை மீன் வாங்குறா.” அம்மாவுக்குச் சனத்தின் மேல் கோபம் இல்லை. படம் எடுத்தவர்கள் மேல்தான். “சிரிச்சபடியும் எடுத்தவங்கள். அதைப் போடேல்லை” என்று சாகும் வரை சொன்னாள்.

“உன்ர கதையை எழுது. எங்கட கதையை எழுதாதை” என்றாள் அக்கா. என்னுடைய கதையிலிருந்து எங்களுடைய கதையைக் கழித்தால் மிச்சம் பஸ் ரிக்கற்றுகள்தான். ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆகவே ஆ-வுக்குப் போனேன். சிறு தொழில் ஒன்று. ஒன்றென்ன, எனக்கு ஏழெட்டுத் தெரியும். கொப்பியை விரித்து, ‘எமது கரையோரம் இயற்கை வளங்கள் நிறைந்தது’ என்று தொடங்கினேன். அடுத்த வசனமும் நன்றாக வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. வாசித்துப் பார்த்தபோது பிரதேச செயலகத்துக்கு முன்னால் இருக்கிற பலகையை நான் பார்த்து எழுதியது போல இருந்தது. உண்மையில் அந்தத் தொழில்களில் எனக்குச் சரியாகத் தெரிந்தது, எப்போது விலக்குவார்கள் என்பது மட்டும்தான். அதைச் சிறு தொழில் என்ற தலைப்பின் கீழ் சொல்ல முடியாது.

அப்போதுதான் பள்ளிக்கூடத்துக் கட்டுரைகள் நினைவுக்கு வந்தன. நான் படித்த அந்தச் சில வருடங்களில் ‘நான்’ என்று தொடங்கும் கட்டுரை ஒன்றுதான் எழுதச் சொல்லித் தந்தார்கள். அதற்குத் தன்வரலாறு என்று பெயர். ‘நான் ஒரு குடை பேசுகிறேன்’, ‘நான் ஒரு தபாற்பெட்டி’, ‘நான் ஒரு ஐந்து ரூபாய் நாணயம்.’ குடை எங்கே பிறந்தது, யார் வாங்கினார்கள், எந்த மழையில் கம்பி முறிந்தது, இப்போது எந்த மூலையில் கிடக்கிறது என்று முடிக்க வேண்டும். முகாமில் தண்ணீர்க் குடம் பற்றி நான் எழுதிய தன்வரலாற்றை ஆசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டினார். குடத்தை எழுதிய பிள்ளையைப் பற்றி எழுதச் சொல்லி ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. அப்படி ஒரு கட்டுரை உண்டென்றே எங்களுக்குத் தெரியாது.

அடுத்த நாள் நானாவிடம் ஓடினேன். “நானா, நான் எண்டு தலைப்புத் தந்தா அது தன்வரலாறுதானே? பொருள் பேசுறமாதிரி?”

நானா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். “அட, ஓம். அதுதானே முறை. நான் புத்தளத்தில ‘நான் ஒரு மாட்டுவண்டி’ எழுதினன். மாக்ஸ் சொல்லட்டா?”

“வேண்டாம்.”

“அப்ப இவ்வளவு நாளும் எல்லாரும் பிழையாத்தானே எழுதியிருக்கிறாங்க” என்றார், உண்மையான கவலையோடு. “நானும் பேசாம ரைப் பண்ணிக் குடுத்திருக்கிறன்.”

நாங்கள் இருவரும் இதைப் பகிடியாகச் சொல்லவில்லை. வடக்கில் படித்தவர், புத்தளத்தில் படித்தவர், இராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் படித்தவர் என்று யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். எனக்கோ பெரிய பாரம் இறங்கியது. ‘நான்’ என்று எழுதலாம், நான் இல்லாமல் எழுதலாம், அம்மாவும் வரத் தேவையில்லை.

அந்த நேரம் நான் மன்னார் நகரத்தில் ஒரு வாடகைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பந்தல், மேசை, பிளாஸ்ரிக் கதிரை. சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு தீவின் எல்லா ஊருக்கும், பாலம் தாண்டித் தெற்கே அரிப்பு வரைக்கும் போவோம். எதன் தன்வரலாற்றை எழுதுவது என்று தேட வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே திரும்பிப் பார்த்தேன், கூரை வரைக்கும் அடுக்கியிருந்தது.

“நான் ஒரு வாடகைக் கதிரை” என்று தொடங்கினேன். “என் தாய் தகப்பன் யாரென்று எனக்குத் தெரியாது. அச்சில் வார்த்தார்கள். என்னோடு பிறந்தவர்களை எண்ண முடியாது, எல்லோருக்கும் என் முகம்தான். என் அடியில் முதலாளியின் பெயரின் முதலெழுத்தைச் சிவப்பில் எழுதியிருக்கிறார்கள். நான் யாருடையவன் என்று அறிய விரும்புகிறவர் என்னைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும்.”

பிறகு அது தானாக ஓடியது. கோயில் திருவிழாவுக்குப் போன கதிரை பள்ளிவாசல் கந்தூரிக்கும் போகிறது, மாதாவின் பெருநாளுக்கும் போகிறது, எங்கும் மணலில் பின்கால் புதைகிறது. பாரமான ஆட்கள் வந்தால் இரண்டு கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிக் கொடுப்பார்கள், அதைக் கண்டு கதிரைகள் பெருமைப்படுவதில்லை. காலையில் ஒரு கட்சியின் கூட்டத்தில் கைதட்டும் சத்தம் கேட்ட கதிரை, பின்னேரம் மற்றக் கட்சியின் கூட்டத்தில் அதே கைகளின் சத்தத்தைக் கேட்கிறது. அரிப்பில் வாழ்வாதாரத்தை உயர்த்துவது எப்படி என்று கருத்தரங்கு நடக்கிறது, கதிரையில் இருந்தவர் மத்தியானத்துக்குப் பிறகு நித்திரையாகிறார். அவரை எழுப்பாமல் இருப்பதே தன்னால் செய்யக்கூடிய வாழ்வாதார உதவி என்று கதிரை நினைக்கிறது. செத்தவீட்டுக்குப் போன கதிரையைக் கழுவாமல் கலியாணவீட்டுக்கு ஏற்றக் கூடாது என்பது கடையின் சட்டம். ஒரே நாளில் இரண்டும் வந்தால் ஈரத்தோடு போக வேண்டியதுதான்.

செத்தவீடு என்று எழுதியதும் கொப்பியில் ஒரு வரி விட்டேன். பிறகு எழுதினேன்.

“ஒருநாள் எங்களில் ஐம்பது பேரை ஒரு செத்தவீட்டுக்குக் கேட்டார்கள். ஏற்றியவனுக்கு அந்த வீட்டுக்குப் போக வேறு வாகனம் இல்லை. எங்களோடு லொறியின் பின்னால் ஏறிக்கொண்டான். வீடு வந்ததும் எங்களை இறக்கி வரிசையாக வைத்தான். வந்தவர்கள் எல்லோரும் எங்களில் அமர்ந்து இருந்தார்கள். இறந்தவர் அவனுடைய ஆள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இறக்கியவன் கடைசிவரை எங்களில் ஒருவரிலும் இருக்கவில்லை.”

அம்மா செத்த அன்று அப்படித்தான் நடந்தது. முதலாளி தொலைபேசியில் விசயத்தைச் சொல்லிவிட்டு, “லொறி அங்கதானே போகுது, அதிலயே போ” என்றார். நல்ல யோசனைதான். பஸ்ஸுக்கு நிற்க வேண்டியிருக்கவில்லை. சாரதிக்கு முதுகுவலி, தனியே இறக்க மாட்டார், நான் இறக்கினேன். கட்டுரையில் அம்மா என்ற சொல் இல்லை. அக்காவுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறவில்லை என்று திரும்ப ஒருமுறை வாசித்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

நானா ரைப் பண்ணினார். அ-வுக்கு எதிரே சரி போட்டு, ‘மேற்கூறியவை யாவும் உண்மை’ என்ற வரியின் கீழ் கையெழுத்து வைத்தேன்.

நேர்முகத்துக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. நகரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் அங்கே கதிரை இறக்கியது நான்தான். இரண்டு கதிரை குறைகிறது என்று திரும்பவும் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெளியே விறாந்தையில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். நேரம் போவதற்காக ஒருவரை ஒருவர் என்ன எழுதினீர்கள் என்று கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அது கரையில் மீன் ஏலம் கூறுவது போலாகிவிட்டது.

“எங்கட வீடு ரெண்டு தரம் உடைஞ்சது” என்றான் ஒருவன்.

“எங்களுக்கு வீடே இருக்கேல்லை” என்றான் மற்றவன்.

“அது கணக்கில்லை. இருந்து உடைஞ்சாத்தான் கணக்கு.”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும் அப்பிடித்தான் எழுதினவங்கள்.”

அரிப்பிலிருந்து வந்த ஒரு பெண் சுவரோடு சாய்ந்து நின்றாள். அவளைக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாள். “எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. நான் பிறந்தாப்பிறகு எல்லாம் முடிஞ்சுது. அம்மா இருக்கிறா, அப்பா இருக்கிறார். என்னத்தை எழுதுறது? கடைசியில கட்டுரையில பெரியப்பாவைச் சாகக் குடுத்தன்.”

“அவர் உண்மையா இருக்கிறாரோ?”

“காலமை மோட்டச்சைக்கிள்ல கொண்டுவந்து விட்டவர் அவர்தான். அங்க, தேத்தண்ணிக் கடையில நிக்கிறார்.”

எல்லோரும் எட்டிப் பார்த்தோம். பெரியப்பா வடை தின்றுகொண்டிருந்தார். நல்ல திடமான மனுசன்.

“நீங்க என்ன அண்ணை எழுதினனீங்க?” என்று அவள் என்னைக் கேட்டாள்.

“கதிரை.”

அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பாவம், இவருக்கு ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது, சொல்ல விருப்பமில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு ஐயா, நரைத்த கொண்டை போட்ட ஒரு மிஸ். என்னை இருக்கச் சொன்னார்கள். ஐயா கட்டுரையைத் தூக்கிப் பிடித்தார்.

“தலைப்பு நான். இதில நீங்கள் எங்க?”

“கதிரைதான், ஐயா.”

“கதிரை எனக்குத் தெரியுது. உங்களைக் கேக்கிறன்.”

“தன்வரலாறுதானே ஐயா கேட்டது. அதில எழுதுறவர் வரக் கூடாதெல்லோ.”

ஐயா மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். அவவும் எப்போதோ குடையோ தபாற்பெட்டியோ எழுதியிருப்பா என்று நினைக்கிறேன்.

“முந்தி இந்தியாவிலயோ இருந்தனீங்கள்?” என்று ஐயா கேட்டார்.

“ஆமா” என்று வந்துவிட்டது. “ஓம் ஐயா. முகாமில.”

“பிறகென்ன? அதை எழுதியிருக்கலாமே!” அவர் முகத்தில் பரிதாபம் இருந்தது. கையில் நல்ல மீனை வைத்துக்கொண்டு சொதியை மட்டும் பரிமாறியவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். “இப்பவும் சொல்லலாம். வாயால சொல்லுங்கோ, நான் குறிச்சுக்கொள்ளுறன். என்ன கஷ்டப்பட்டனீங்கள்?”

எனக்கு அந்த இடம் வேண்டும். அந்த வருடத்துக்குப் பிறகு எந்தத் தடித்த எழுத்தும் என்னைக் கூப்பிடப் போவதில்லை. வாயைத் திறந்தால் போதும் என்று தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் முதலில் வரப்போவது அம்மா என்பதும் தெரிந்தது.

“ஒண்டும் விசேசமா இல்லை, ஐயா” என்றேன்.

மிஸ் கட்டுரையைத் தன் பக்கம் இழுத்தார். “இறக்கியவன் கடைசிவரை எங்களில் ஒருவரிலும் இருக்கவில்லை. இந்த ஒரு வசனத்துக்காகத்தான் உங்களைக் கூப்பிட வேணுமெண்டு நான் சொன்னனான்” என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். “இந்த இறக்கின ஆள் ஆர்?”

“அது கதிரைக்குத் தெரியாது, மிஸ்.”

“கதிரைக்கு என்ன தெரியும் எண்டு இஞ்ச ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார் ஐயா. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அது நியாயமான கோபம். அவர் முன்னால் ஒரு புள்ளித்தாள் இருந்தது, அதில் ‘சுய அனுபவம்’ என்று ஒரு கட்டம் இருந்தது, அதற்குள் போட அவரிடம் ஒன்றும் இல்லை. “ஆள் இல்லாத கட்டுரைக்கு அ-வில நான் எப்பிடிப் புள்ளி போடுறது?”

மிஸ் கொஞ்சம் யோசித்தார். “அப்ப ஆ-வில போடுவம், சேர். வாடகைத் தளபாடம். சிறு தொழில்தானே. எல்லாம் விபரமா இருக்கு. ஏத்துறது, இறக்குறது, கழுவுறது, அரசியல் கூட்டம்.”

ஐயா தாள்களைப் புரட்டினார். “ஆ-வில ஆக்களும் இல்லைத்தான்” என்று முணுமுணுத்தார். மன்னார் மாவட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் ‘நான்’தான் எழுதியிருந்தார்கள். அதற்குள் ஒரே நெரிசல். ஆ-வுக்கென்று ஒதுக்கிய இடங்கள் சும்மா கிடந்தன. ஐயா என்னுடைய சரி அடையாளத்தை வெட்டி, கீழே இன்னொரு சரி போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைத்தார்.

வெளியே வந்தபோது அரிப்புப் பெண் என்ன கேட்டார்கள் என்று கேட்டாள். அவளுடைய பெரியப்பாவும் பக்கத்தில் வந்து நின்றார். பொதுவாகத்தான் கேட்டார்கள் என்று சொன்னேன்.

தெரிவாகிவிட்டேன் என்று கடிதம் வந்த அன்று அக்கா முற்றத்தில் நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ‘ஆ பிரிவு, சிறு தொழில்’ என்று கடிதத்தில் இருந்ததைக் கண்டு அவளுக்குச் சந்தோசம்.

“பாத்தியே? எங்கட விசயம் இல்லாமலே எடுபட்டிருக்கு. அந்தக் கட்டுரையைத் தா பாப்பம்.”

கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாசித்தாள். பாரமான ஆளுக்கு இரண்டு கதிரை செருகும் இடத்தில் சிரித்தாள். அத்தானைக் கூப்பிட்டு அதைத் திரும்ப வாசித்துக் காட்டினாள். “அது நீங்கள்தான்” என்றாள். பிறகு கீழே வாசித்துக்கொண்டு போனவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அம்மாவை எழுதாதை எண்டனான்.”

“அம்மா எண்ட சொல்லே இல்லை. தேடிப் பார்.”

தேடினாள். விரலை வரிவரியாக வைத்துத் தேடினாள். அது அவள் என்னை நம்பாததால் அல்ல, எதையும் அவள் அப்படித்தான் செய்வாள். “இல்லைத்தான்” என்றாள். பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது. “ஆனா இது பொய்.”

“எது?”

“இருக்கவில்லை எண்டு எழுதியிருக்கிறாய். நீ இருந்தனீ.”

“நானோ? இல்லையே.”

“இருந்தனீ. சுவாமி வந்து செபம் சொல்லிட்டுப் போனாப்பிறகு நான்தான் உன்ர தோளைப் பிடிச்சு இருத்தினனான். அந்தா, வேலிப் பக்கம். தேத்தண்ணி தந்தன். குடிச்சிட்டு, சீனி காணாது எண்டனீ. உள்ள போய் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு வந்தன்.”

“எனக்கு ஞாபகம் இல்லை, அக்கா.”

“எப்பிடி இருக்கும்? பேந்து நித்திரையாப் போனாய். இருந்தபடியே. குறட்டை வேற. அம்மாவைச் சேமக்காலைக்குக் கொண்டு வெளிக்கிடேக்க அத்தான்தான் தட்டி எழுப்பினவர்.”

அத்தானைப் பார்த்தேன். அவர் ஓம் என்று தலையாட்டினார். “சனம் பாத்தது” என்று கூடுதலாகவும் ஒன்று சொன்னார்.

நான் அந்த நாளை எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நின்றுகொண்டே இருந்தேன். அந்த நிற்பில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதிரையைக்கொண்டு சொல்லுவித்திருக்க மாட்டேன். சீனி கேட்டுவிட்டுக் குறட்டை விட்டவனை எழுதியிருந்தால் மிஸ் என்னைக் கூப்பிட்டிருப்பாவா என்று யோசித்தேன். கூப்பிட்டிருக்க மாட்டா.

“உண்மை எண்டு சைன் வேற வைச்சிருக்கிறாய்” என்றாள் அக்கா. “அவையளுக்கு எழுதிச் சொல்லு, அந்த வசனம் பிழை எண்டு.”

அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. எனக்கும் அது உறுத்தியது. கிடைத்த இடம் அந்த வசனத்தால் கிடைத்தது, வசனமோ பொய். அடுத்த நாள் நானாவிடம் போய் ஒரு திருத்தக் கடிதம் ரைப் பண்ண வேண்டும் என்றேன். முழுவதையும் சொன்னேன். சீனி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். குறட்டைக்கு மட்டும் சிரித்தார்.

“நீ எந்தப் பிரிவில எடுபட்டாய்?”

“ஆ.”

“சிறு தொழில். தொழிலைப் பற்றி எழுதினதில ஏதும் பிழை இருக்கா? ஏத்தினது, இறக்கினது, கழுவினது?”

“இல்லை.”

“அப்ப என்ன? இறக்கின ஆள் இருந்தாரா நிண்டாரா எண்டது அந்த ஆளுட தனிப்பட்ட விசயம். அவங்க கேக்கேல்ல.” கணினியை வேறொரு பிள்ளையின் கட்டுரைக்குத் திருப்பினார். “தனிப்பட்டது கேட்டவங்களுக்குத்தான் அது பொய்.”

அக்கா அதை ஒத்துக்கொள்ளவில்லை. நானா வியாபாரி, அப்படித்தான் சொல்லுவார் என்றாள். ஆனால் எனக்காகப் பையில் கருவாடு வைத்துக் கட்டினாள்.

கல்லூரியில் முதல் கிழமையே மண்டபத்துக் கதிரைகளுக்கு என்னைப் பொறுப்பாக்கிவிட்டார்கள். அந்தத் துறையில் அனுபவம் உள்ளவர் என்று என்னுடைய கோப்பில் இருக்கிறதாம். இங்கேயும் பிளாஸ்ரிக்தான், வேறு முதலாளியின் எழுத்து. காலையில் விரிவுரைக்கு முன்னால் இறக்கி வரிசையாக வைக்கிறேன், பிறகு பின்வரிசையில் ஒன்றில் இருந்து கரையோரத்தைப் பற்றிக் கேட்கிறேன். திருத்தக் கடிதத்தை இன்னும் எழுதவில்லை. எழுதினால் என்னை எந்தப் பிரிவுக்கு மாற்றுவார்கள் என்று அலுவலகத்தில் ஒருவரைச் சும்மா கேட்டுப் பார்த்தேன். கட்டுரைக்குள் ஆள் வந்துவிட்டால் அ-வுக்கு என்றார். அங்கே இடம் இல்லையாம்.